உள்பக்கத் தாழ்ப்பாள்

மெழுகுக் கட்டியை மூக்கருகே கொண்டுபோய் ஒருமுறை முகர்ந்துவிட்டுத்தான் காஜா அக்கா நூலை அதில் இழுப்பாள். பட்டு நூல் மெழுகில் ஓடும்போது மெல்லிய சத்தம் ஒன்று எழும். தலையைச் சாய்த்து அதையும் கேட்டுக்கொள்வாள். பிறகு பலகையில் விரித்திருக்கும் துணியில், சாக்பீஸால் போட்ட அடையாளத்தின் மேல் சின்ன உளியை நிறுத்துவாள். நிறுத்தியதும் தட்டிவிட மாட்டாள். ஜன்னலைப் பார்ப்பாள். ஆறு தெரியும், ஆற்றின் மேல் பாலம் தெரியும், அதற்கும் மேலே ஒரு வேலையும் இல்லாத வானம் தெரியும். கண் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும்.

“அக்கா மேகத்துக்குப் போயாச்சு! திரும்பி வர்ற வரைக்கும் யாரும் கூப்பிடாதீங்கப்பா” என்று கட்டிங் மாஸ்டர் மறுகோடியிலிருந்து குரல் கொடுப்பார். முப்பது தையல் மிஷின்களும் ஒரு நொடி நின்று சிரித்துவிட்டு மறுபடி ஓடும்.

“வெட்டினா வெட்டினதுதான் மாஸ்டர். அப்புறம் உட்கார்ந்து அழுதாலும் துணி ஒட்டாது. ஒரு மூச்சு விட்டுக்கிட்டா உங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு?” என்பாள் அவள், வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல். அப்புறம்தான் உளியின் தலையில் ஒரே ஒரு தட்டு.

பட்டன் நுழைகிற துளைக்குத்தான் காஜா என்று பெயர். அந்தத் தையற்கூடத்தில் சட்டைகளுக்கெல்லாம் மிஷினே காஜா போட்டுவிடும். விலை கூடிய கோட்டுகள் மட்டும் இவள் கைக்கு வரும். துளையின் விளிம்பைச் சுற்றி முடிச்சு முடிச்சாகத் தைத்துக்கொண்டு வந்து, முடிந்ததும் ஒரு பட்டனை எடுத்து நுழைத்துப் பார்ப்பாள். “போயிட்டு வா” என்று அதனிடம் சொல்வாள். மறுபக்கம் போன பட்டனைத் திரும்ப இழுத்தபிறகுதான் கோட்டு அடுத்த மேஜைக்குப் போகும். இருபத்திரண்டு வருடமாக எத்தனை பட்டன்களை இப்படி வழியனுப்பி, வரவேற்றிருக்கிறாளோ! அவளுடைய சொந்த உடுப்பில் ஒரு காஜாகூடக் கிடையாது. எல்லாம் கொக்கிதான். கேட்டால், “நேரம் எங்க இருக்கு?” என்று சிரிப்பாள்.

பட்டறையில் அவள் அக்கா. வீட்டில், நாற்பத்து மூன்று வயதிலும், பாப்பா. அப்படிக் கூப்பிடுவது அண்ணன். பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவருக்குப் பத்தொன்பது வயது, இவளுக்கு ஒன்பது. பைப்புக் கடையில் கூலிக்கு நின்று, பிறகு அதே கடையைத் தனதாக்கிக்கொண்டு, தங்கையை வளர்த்தவர். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது அவரேதான் தலை வாரிவிடுவார். வகிடு ஆற்றைப்போல வளைந்து வளைந்து போகும். மற்ற பிள்ளைகள் கேலி செய்தபோது அதை ஒருநாளும் அண்ணனிடம் சொன்னதில்லை. இன்றைக்கும் வகிடு எடுக்கும்போது அவள் கை தானாகக் கொஞ்சம் கோணும்.

இப்படிப்பட்ட அண்ணனைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்? அவளுக்கும் வரவில்லை. அதுதான் சிக்கலே.

வீட்டில் ஐந்து பேர். அண்ணன், அண்ணி, கல்லூரி முடித்த இரண்டு மகள்கள், அத்தையாக இவள். அண்ணன் மகள்களோடு ஒரே அறையில் படுக்கை. அந்த அறைக்குக் கதவுக்குப் பதிலாகத் திரைச்சீலை. வீட்டிலேயே தாழ்ப்பாள் உள்ள ஒரே இடம் குளியலறை. அங்கேயும் ஐந்து நிமிடம் ஆனால், “என்ன பாப்பா, தூங்கிட்டியா?” என்று அண்ணன் குரல் வந்துவிடும். ஐந்து பேருடைய அடையாள அட்டைகளும் ஒரு பிஸ்கட் டப்பாவில், டப்பா அண்ணனின் அலமாரியில், அலமாரிச் சாவி அண்ணனின் இடுப்பில். “உங்ககிட்ட குடுத்தா தொலைச்சிடுவீங்க” என்பார் பொதுவாக. பார்வை மட்டும் இவள் மேல் விழும். பன்னிரண்டு வயதில் ஒரு குடையைத் தொலைத்தவள் அல்லவா!

கல்யாணம் வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லியிருந்தாள். அண்ணன் அதட்டவில்லை. “சரி, பண்ணிக்கிட்டா அந்த வீடு, பண்ணிக்காட்டி இந்த வீடு. உனக்கு என்ன கவலை?” என்றார், பெரிய மனதோடு. இரண்டு வீட்டையும் விட்டால் மூன்றாவதாக ஒன்று இருக்கக்கூடும் என்பது அவர் நினைப்பில் ஏறவே இல்லை. அவள் நினைப்பில் மட்டும் அது ரொம்ப நாளாகவே ஏறி உட்கார்ந்திருந்தது.

அந்த மூன்றாவது வீடு, பட்டறையில் இஸ்திரி போடும் அம்மாவின் வீட்டு மாடியில் இருந்தது. ஒற்றை அறை. ஆற்றைப் பார்த்து ஒரு ஜன்னல். குடியிருந்தவர்கள் காலி செய்தபிறகு, “சும்மா வந்து பாரேன்” என்று இஸ்திரி அம்மா அழைத்துப் போனாள். அக்கா சுவரைப் பார்க்கவில்லை, தண்ணீர் வருமா என்று கேட்கவில்லை. கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டாள். திறந்தாள். மறுபடி போட்டாள். அது உள்பக்கம் இருந்தது. தடித்த இரும்பு, எண்ணெய் போட்டதுபோல வழுக்கிக்கொண்டு போனது.

“ஏம்மா, வீட்டப் பார்க்க வந்தியா, தாழ்ப்பாளைப் பார்க்க வந்தியா?” என்றாள் வெளியே நின்ற இஸ்திரி அம்மா.

அன்று முதல் அவள் அங்கேதான் குடியிருந்தாள். உடம்பு மட்டும்தான் அண்ணன் வீட்டில். காலையில் பல் தேய்க்கும்போது ஸ்டூலை ஜன்னலோரம் போடுவாள். சாப்பிடும்போது அதைச் சுவரோரம் நகர்த்துவாள். மிஷின் சத்தத்துக்கு நடுவே ஜன்னலுக்கு நீலத் திரை தைத்து மாட்டி, அது காற்றில் உப்புவதைப் பார்ப்பாள். அந்த அறையில் யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. ஆற்றின் வெளிச்சம் கூரையில் நெளிந்துகொண்டே இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். “அத்தை, குழம்பு கைல வழியுது!” என்று சின்னவள் கத்தும்போது திடுக்கிட்டு இக்கரைக்கு வந்து சேர்வாள்.

குடியேற ஒரே தடை இருந்தது. வாடகைப் பத்திரம் பதிவு செய்ய அடையாள அட்டை வேண்டும். அட்டை பிஸ்கட் டப்பாவில்.

ஒரு மாலை துணிந்து கேட்டே விட்டாள். “அண்ணா, என் கார்டு வேணும்.”

“எதுக்கு?”

“ஒரு வேலை இருக்கு.”

“என்ன வேலைன்னு சொல்லு பாப்பா, நானே முடிச்சுக் குடுத்துடறேன். நீ எதுக்கு அலையணும்?”

அன்போடு மறுக்கிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது? “ஒண்ணும் அவசரமில்ல” என்று எழுந்து போய், தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்தாள்.

அந்தச் சமயத்தில்தான் ஊரே வேறொரு சாவியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் உள்ள தெருக்களெல்லாம் அக்கரையில் உள்ள பெரிய நகராட்சியின் கீழ் இருந்தன. குழாய் உடைந்தாலும் பாலத்தைத் தாண்டிப் போய்த்தான் நிற்க வேண்டும். இனி இக்கரை தனி நகராட்சியாகப் பிரியலாமா, சேர்ந்தே இருக்கலாமா என்று மக்களிடமே வாக்கெடுப்பு. தனியாகப் போவோம் என்பவர்களின் முன்வரிசையில் யார் என்கிறீர்கள்? நம்முடைய பைப்புக் கடை அண்ணன்தான்!

மைக்கைக் கண்டால் அவருக்கு உற்சாகம் பொங்கும், பேச்சு மட்டும் பாதியில் மறந்துவிடும். அதனால் தினமும் சாப்பாட்டுக்கு முன் நடுக்கூடத்தில் ஒத்திகை. தங்கை கையில் தாளோடு தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் தடுமாறினால் அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுக்க வேண்டும். அண்ணியும் பெண்களும் காதைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடிவிடுவார்கள்.

“அக்கரைக்காரங்க நம்ம மேல பாசமாத்தான் இருக்காங்க. இல்லேன்னு சொல்லல” என்று ஆரம்பிப்பார் அண்ணன், கையை வீசி. “ஆனா ஒண்ணு…” அங்கே நின்றுவிடும். தினமும் அதே இடம்தான்.

“பாசம் இருக்குங்கிறதுக்காக…” என்பாள் அவள்.

“ஆங்! பாசம் இருக்குங்கிறதுக்காக, நம்ம வீட்டுச் சாவிய அவங்க இடுப்புல தொங்க விட முடியுமா? நம்ம வழிய நாமதான் பார்க்கணும். நம்ம வாசல், நம்ம சாவி!”

நாற்பது நாள் ஒத்திகை. அண்ணனுக்குப் பேச்சு மனப்பாடம் ஆகவில்லை, அவளுக்கு ஆகிவிட்டது. முதல் வாரம் வெறும் சொல்லாகக் கேட்டவள், இரண்டாவது வாரம் தாளிலிருந்து தலையைத் தூக்கி அண்ணனின் இடுப்பைப் பார்த்தாள். அலமாரிச் சாவி, பேச்சின் வேகத்துக்கு ஏற்பக் குலுங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. இக்கரை முழுக்க அந்தப் பேச்சுக்குக் கை தட்டியது. அதை உண்மையாகவே காதில் வாங்கியவள் இவள் ஒருத்திதான் போலிருக்கிறது.

அதற்குள் இஸ்திரி அம்மா கையைப் பிசைந்தாள். “புதுசா கல்யாணமான ஜோடி ஒண்ணு வந்து பார்த்துட்டுப் போயிருக்கு. உனக்காக வச்சிருக்கேன். ஓட்டுப் போடற ஞாயித்துக்கிழமைக்கு மறுநாள் வரைக்கும்தான் பொறுப்பேன், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.”

அவள் அன்று வானத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். மாஸ்டர்கூடக் கேலி செய்யவில்லை. அட்டைகள் டப்பாவை விட்டு வெளியே வருகிற நாள் ஒன்றே ஒன்றுதான். வாக்குச்சாவடி வாசலில் அண்ணன் ஆளுக்கொன்றாகக் கொடுப்பார். உள்ளே போய் வந்ததும் கையை நீட்டித் திரும்ப வாங்கிக்கொள்வார். ஒவ்வொரு தேர்தலிலும் அதுதான் வழக்கம். அன்று சாயங்காலம் மிச்சத் துணியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பை வெட்டி, தன் பழுப்புச் சட்டையின் உள்பக்கத்தில் தைத்தாள். பைக்கு மூடி. மூடிக்கு ஒரு காஜா. மற்றவர்களுக்கு ஆயிரக்கணக்கில் போட்டவளுக்குத் தனக்கென்று போட்ட முதல் காஜாவில் தையல் இரண்டு இடத்தில் பிசகியது.

ஞாயிறு காலை, பள்ளிக்கூடத்தில் வரிசை. வகுப்பறைக்குள் சாக்பீஸ் வாசனை. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சுகளைச் சுவரோரம் ஒதுக்கி, நடுவில் ஒரு மேஜை போட்டு, அதன் மேல் அட்டையால் மூன்று பக்கச் சுவர் எழுப்பியிருந்தார்கள். அவளுக்கு அந்த அட்டைச் சுவர் எப்போதுமே பிடிக்கும். முந்தைய தேர்தல்களில், “மூணாவது கட்டம், மறந்துடாத பாப்பா” என்று அண்ணன் சொல்லித்தான் அனுப்புவார். வெளியே வந்ததும், “போட்டியா?” என்பார். “போட்டேன்” என்பாள். எந்தக் கட்டத்தில் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை, அவரும் கேட்கவேண்டும் என்று நினைத்ததில்லை.

குனிந்து அட்டைச் சுவர்களுக்குள் முகத்தைக் கொண்டுபோனதும் வெளிச்சத்தம் எல்லாம் தூரமாகப் போய்விட்டது. கயிற்றில் கட்டிய பென்சில். சீட்டில் இரண்டே கட்டங்கள். ஜன்னல் வழியாக விழுந்த வெயில் தாளின் பாதியில் உட்கார்ந்திருந்தது. இங்கே யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. அண்ணன்கூட. இது சட்டம். இத்தனை பெரிய உலகம், ஒரு ஸ்டூல் அகலமுள்ள இந்த இடத்தை அவளுக்கென்று ஒதுக்கி, சுற்றிலும் ஆள் போட்டுக் காவல் காக்கிறது! அவள் அந்த மூன்று சுவருக்குள் ஜன்னலை வைத்தாள், நீலத் திரையை மாட்டினாள், ஸ்டூலைப் போட்டாள், படுத்துக் கூரையில் நெளியும் வெளிச்சத்தைப் பார்த்தாள்.

“அம்மா, ரெண்டே கட்டம்தான் இருக்கு! உள்ள என்ன குடித்தனமா நடத்தறீங்க?” என்றார் அதிகாரி. வரிசை சிரித்தது.

“வந்துட்டேன் சார்” என்று சொல்லிவிட்டு, ஒரு மூச்சு விட்டு, பென்சிலை வைத்தாள். வெட்டினால் வெட்டினதுதான்.

வாசலில் அண்ணனைச் சுற்றி ஐந்தாறு ஆதரவாளர்கள், பேனாவும் நோட்டுமாக ஒரு நிருபர். அண்ணன் அவரிடம் பேசிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், வலது கையைப் பக்கவாட்டில் நீட்டியிருந்தார். அண்ணி தன் அட்டையை அதில் வைத்தாள். பெரியவள் வைத்தாள். சின்னவள் வைத்தாள். அவருடையதோடு நான்கு. கை நீட்டியபடியே இருந்தது. விரல்கள் இரண்டு முறை மடங்கி விரிந்தன.

“பாப்பா, கார்டு.”

அவள் கை சட்டையின் மேல் போய் நின்றது. அட்டை உள்பையில் இருந்தது. பட்டன் காஜாவுக்குள் நுழைந்திருந்தது. எத்தனையோ வாக்கியங்களை யோசித்து வைத்திருந்தாள். ஒன்றுகூட வரவில்லை. வந்தது, நாற்பது நாளாக எடுத்துக் கொடுத்துப் பழகியதுதான்.

“பாசம் இருக்குங்கிறதுக்காக…” என்றாள் மெதுவாக.

அண்ணனின் வாய் ஒத்திகையில் பழகிய வாய். அது அவரைக் கேட்கவில்லை. “…நம்ம வீட்டுச் சாவிய அவங்க இடுப்புல தொங்க விட முடியுமா?” என்று கணீரென்று முடித்தது.

“நம்ம வாசல்! நம்ம சாவி!” என்று ஆதரவாளர்கள் கை தட்டினார்கள். நிருபர் அவசரமாக எழுதிக்கொண்டார். கைதட்டல் அடங்கியபிறகுதான் அண்ணனின் குரல் அண்ணனின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. நீட்டிய கையைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“என் கார்டு என்கிட்டயே இருக்கட்டும் அண்ணா” என்றாள் அவள். “நாளைக்கு ஒரு ரூம் எடுக்கறேன். இஸ்திரி அம்மா வீட்டு மாடி. எனக்கு மட்டும்.”

“ரூமா?” அண்ணன் குரலைத் தாழ்த்தினார். “வீட்டுல உனக்கு என்ன பாப்பா குறை?”

“ஒரு குறையும் இல்ல அண்ணா. குறை இருந்தாத்தான் போகணுமா?”

அண்ணி தன் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் கோபப்படுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், அவளும் நினைத்தாள். அவர் நான்கு அட்டைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. தலை வாரிவிட்டுப் பள்ளிக்கூட வாசலில் விட்டுப் போன பையனின் முகம் அது. முப்பத்து நான்கு வருடம் கழித்து அவள் அதை மறுபடி பார்த்தாள். ஓடிப்போய்ப் பையைத் திறந்து அட்டையைக் கொடுத்துவிடலாம் போல இருந்தது. கொடுக்கவில்லை.

“தொலைச்சிடாத” என்றார் அண்ணன். அவ்வளவுதான்.

இக்கரை பிரிந்துவிட்டது. புது நகராட்சிக்கு அண்ணன் உறுப்பினர். பிஸ்கட் டப்பாவில் இப்போது பிஸ்கட் இருப்பதாகக் கேள்வி. பெரியவளும் சின்னவளும் அடுத்த வாரமே தங்கள் அட்டைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார்களாம். “உன்னாலதான் எல்லாம்” என்று அண்ணி அலுத்துக்கொண்டாள். அலுப்பின் அடியில் ஒரு சிரிப்பு. அண்ணியுடைய அட்டையும் இப்போது அண்ணியின் கைப்பையில்தான்.

மாடி அறையில் ஸ்டூல் ஜன்னலோரம்தான் போடப்பட்டது. நீலத் துணி கிடைக்கவில்லை, திரை மஞ்சள். கூரையில் வெளிச்சம் நெளிவது மட்டும் நினைத்ததைவிட அழகு. முதல் சில நாள் தனிமை அவளை நன்றாகவே பிடித்து உலுக்கியது. இரண்டு பேருக்குச் சமைத்துவிட்டு, ஒரு தட்டை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்ததும் உண்டு. “பயமா இருக்கா?” என்று இஸ்திரி அம்மா கேட்டதற்கு, “இருக்கு. ஆனா என் பயம்” என்றாளாம்.

அண்ணன் முதல் ஞாயிறு வந்தபோது, எப்போதும்போலக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழையப் போய் நெற்றியில் இடித்துக்கொண்டார். இவளிருக்கிற இடத்துக்குக் கதவு தட்டி அனுமதி கேட்டுப் போக வேண்டும் என்பது அவருக்கு ஐம்பத்து மூன்று வயதில் புதுப் பாடம். இப்போது தட்டுகிறார். ஒவ்வொரு ஞாயிறும் நான்கு மணிக்கு, பட்டன் பிய்ந்த ஒரு சட்டையோடு வருகிறார். இவ்வளவு பட்டன் எந்த மனிதனுக்கும் தானாகப் பிய்யாது. “சனிக்கிழமை கத்தரிக்கோலோட உட்கார்ந்திருக்காரு, என் கண்ணால பார்த்தேன்” என்று அண்ணி சத்தியம் செய்கிறாள்.

அவள் பட்டனைத் தைக்கும்போது, எதிரே இருந்துகொண்டு, “அது சரி பாப்பா, நீ அன்னிக்கு எதுக்குப் போட்ட? தனியாவா, சேர்ந்தா?” என்று எதேச்சையாகக் கேட்பதுபோலக் கேட்பார்.

“நூல் வெள்ளையா போடவா, சந்தனக் கலரா?” என்பாள் அவள்.

இந்த ஞாயிறு அவள் தனக்கென்று ஒரு கோட்டு தைத்துக்கொண்டிருந்தாள். சாம்பல் நிறம், ஐந்து காஜா. ஐந்தாவதில் கடைசி முடிச்சு பாக்கி. மெழுகு வாசனை அறையில் நிறைந்திருந்தது. ஆற்றின் வெளிச்சம் கூரையிலிருந்து இறங்கிச் சுவருக்கு வந்திருந்தது. படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கதவில் இரண்டு தட்டு, கொஞ்சம் தயக்கமாக.

“யாரு?” என்றாள், தெரிந்துகொண்டே.

“நான்தான் பாப்பா. வரலாமா?”

அவள் கடைசி முடிச்சைப் போட்டாள். நூலைக் கடித்தாள். ஒரு பட்டனை எடுத்து, “போயிட்டு வா” என்று காஜாவுக்குள் நுழைத்து, மறுபக்கம் பார்த்து, திரும்ப இழுத்தாள். வெளியே அண்ணன் காத்திருந்தார். அவள் எழுந்துபோய்த் தாழ்ப்பாளைத் திறந்தாள்.